ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸும் நம்முடைய ஊர்சுற்றும் உரிமையும்

"இந்த வண்டியில எத்தினி பொணம் போயிருக்கும்னு யோசிச்சியாம்மா?"

குஷன் தைக்க வந்தவர் பின்கதவு வழியாக உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். கையில் அளவு நாடா இருந்தது. ஆனால் உள்ளே ஏறவில்லை. "எலுமிச்சம்பழம் அறுத்து, ஒரு பூசணிக்கா ஒடச்சிட்டு கூப்பிடு. வந்து தெச்சிக் கொடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக் பாய் அங்கிருந்தே சிரித்தார். "ஆஸ்பத்திரி கட்டில்ல யாரும் சாவலியா? அதுல அடுத்த ஆளு படுக்கலியா? இன்னா பேச்சு இது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குஷன்காரர் பயந்தது பேய்க்கு மட்டும் இல்லை, தீட்டுக்கும்தான். என் தாத்தா சாவுச் சேதி சொல்லப் போனவர், பறை அடித்தவர். பிணத்தின் பக்கத்தில் நின்ற குற்றத்துக்காக எங்கள் குடும்பத்தின் மேல் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட அதே தீட்டு, இப்போது ஓர் இரும்புப் பெட்டியின் மேலும் எழுதப்பட்டிருக்கிறது. சொல்லப்போனால் அந்தத் தீட்டால்தான் வண்டி எங்களுக்கு மலிவாகக் கிடைத்தது. அதே வயதுள்ள, அதே மாடல் டெம்போ டிராவலர் சுற்றுலா வண்டியாக ஓடியிருந்தால் நாங்கள் கிட்டேயே போயிருக்க முடியாது.

ஆரணியில் இப்போது எங்கள் தெருமுனையில் நிற்கும் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு மாணவத் தோழர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். ஒன்று, ஆம்புலன்ஸை எப்படிப் படுத்துறங்கும் வண்டியாக மாற்றினீர்கள்? இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்கிறார்கள்: சேரி வேலை செய்கிற நமக்கு எதற்குத் தோழர் கேரவன்? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவது கேள்வியை நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஓர் இரவு

நாங்கள் ஐந்து பேர் கொண்ட சிறிய குழு. மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் சாதிச் சான்றிதழ், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழான மனுக்கள், இடைநின்ற பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பது என்று அலைகிறோம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். அதற்குப் பிறகுதான் நான் இந்த மலை வேலைக்கே வந்தேன். சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு, கல்லூரி வேலைக்குக் காத்திருந்த காலம் அது.

மலைக் கிராமத்தில் கூட்டம் என்றால் ஆட்கள் கூலி வேலை முடித்துத் திரும்பிய பிறகுதான் நடக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் முடியும். கடைசிப் பேருந்து அதற்கு முன்பே போயிருக்கும். மூன்று வருடங்களுக்கு முன்பு அப்படி ஓர் இரவில், யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு அடிவாரத்து ஊர் ஒன்றுக்கு நானும் இன்னொரு தோழியும் வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு விடுதி. அறை இருக்கிறது என்று சொல்லித்தான் ஆதார் அட்டையைக் கேட்டார் மேசையில் இருந்தவர். வாங்கிப் பார்த்தார். என் முகவரியில் 'காலனி' என்று இருக்கும். பெரிய விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. "எந்தப் பக்கம்மா, காலனியா?" என்றார். ஆமாம் என்றேன். உள்ளே போய்விட்டு வந்து, "ரூம் புக் ஆயிடுச்சி" என்றார். சாவிகள் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தன.

பேருந்து நிலைய பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். கழிப்பறை பூட்டிக் கிடந்தது. தோழிக்கு மாதவிடாய் நாள். இதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சட்டம் எனக்குத் தெரியாதா? மற்றவர்களுக்கு வகுப்பு எடுப்பவளே நான்தான். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு உணவகத்திலும் விடுதியிலும் சத்திரத்திலும் தீண்டாமையின் பேரில் இடம் மறுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் அந்த இரவில் நான் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. ஏன் என்று பலநாள் யோசித்தேன். சண்டை போட வேண்டுமென்றால் முதலில் போக வேறோர் இடம் இருக்க வேண்டும். புகார் எழுத உட்காரவும் ஓர் இடம் வேண்டும். நடுராத்திரியில் ஒதுங்க இடமில்லாத பெண், கொடுக்காத அறைக்குக்கூட 'சரிங்க' என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவாள்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தபோது எனக்கு அந்த மேசையும் அந்தச் சாவிப் பலகையும்தான் நினைவுக்கு வந்தன.

வண்டி வந்த கதை

ஓர் அறக்கட்டளை ஓட்டி முடித்த 2012 மாடல் ஆம்புலன்ஸ், வேலூரில் பழைய வண்டி வியாபாரி ஒருவரிடம் கிடந்தது. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். ஐந்து பேரும் போட்ட பணம், என் அம்மாவின் சீட்டுப் பணம், ஒரு நகைக்கடன் எல்லாம் சேர்ந்து வாங்கினோம்.

ஆம்புலன்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கூரை உயரம் என்பதால் உள்ளே ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கலாம். பின்கதவு அகலமாகத் திறக்கும். ஆள் படுக்கும் நீளம் ஏற்கெனவே இருக்கிறது. சுவர்ப் பலகை, மின்விளக்கு வயரிங், இன்வெர்ட்டருக்கான இடம், ஓட்டுநருக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் தடுப்பும் சிறு ஜன்னலும் எல்லாம் தயார்.

இளைய தோழர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் காகிதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. எனவே பட்டறைக்குப் போவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள். என்ன மாற்றப் போகிறோம் என்று வரைந்து காட்டி, அனுமதி வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். எங்களுக்கு இந்த நடையே நான்கு மாதம் ஆனது. சைரனையும் கூரை மேல் சுழலும் விளக்கையும் கழற்றியாக வேண்டும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் போன்ற வண்டிகள் தவிர மற்றவை அந்த ஒலியை எழுப்பக்கூடாது. முன்னால் தலைகீழாக எழுதிய 'ஆம்புலன்ஸ்' என்ற எழுத்தையும் சுரண்டினோம். கதவில் இருந்த செஞ்சிலுவையையும் எடுத்தோம். அந்தச் சின்னத்தைக் கண்டவர்கள் கண்டபடி பயன்படுத்தக்கூடாது என்று 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைச் சட்டமே இருக்கிறது.

ஆக்சிஜன் சிலிண்டரைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, செம்புக் குழாயை அறுத்து மூடினார் பாய். ஸ்ட்ரெச்சர் நிற்கும் தண்டவாளத்தை மட்டும் அறுக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். "இருக்கட்டும்மா, அது மேலயே கட்டில் போட்டுக்கலாம்." அந்தத் தண்டவாளம் பின்னால் எங்களுக்கு வேறு பாடம் சொல்லிக்கொடுத்தது.

சுத்தம் செய்தல்

தரையில் ஒட்டியிருந்த வினைல் விரிப்பைப் பெயர்த்தபோது அடியில் துரு. துருவோடு சேர்ந்து காய்ந்துபோன கறுப்புக் கறை. அது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. என் சித்தப்பா தூய்மைப் பணியாளர். அவர்தான் அன்று வந்து நின்றார். நான் வெறுங்கையோடு உட்கார்ந்ததும் அதட்டினார். "எழுந்திரு. கையுறை இல்லாம எறங்கவே கூடாது. நாங்க போடாம செஞ்சதுக்கு அனுபவிச்சிகினு இருக்கோம், பத்தாதா?" கையுறை, முகக்கவசம், பூட்ஸ், ப்ளீச்சிங் கரைசல், இரண்டு கதவையும் திறந்துவைத்துக் காற்றோட்டம் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். கரைசலை ஊற்றி ஊறவிட்டு, பிறகு தேய்த்து, திரும்ப ஊற்றி. மூன்று நாள் வேலை. வேறு யாரையும் கூலிக்கு வைக்கவில்லை. கறையைக் கழுவ ஒருவரைக் கூப்பிட்டிருந்தால், எந்தத் தெருவிலிருந்து ஆள் வந்திருப்பார் என்று நமக்குத் தெரியும்.

துருவைத் தட்டி எடுத்து, பிரைமர் அடித்து, மேலே தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட் போட்டோம். மடிக்கும் கட்டில் இரண்டு. கட்டிலுக்கு அடியில் 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. கூரையில் சோலார் பலகை ஒன்று, அதற்குத் தனி பேட்டரி. விளக்கும் சின்ன விசிறியும் ஓடும், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறும். 5 கிலோ கேஸ் அடுப்பைப் பின்கதவைத் திறந்துவைத்து வெளிப்பக்கமாகத்தான் பற்றவைக்கிறோம். மூடிய வண்டிக்குள் அடுப்பெரித்துவிட்டுத் தூங்கினால் விஷப்புகையில் ஆள் எழுந்திருக்க மாட்டார்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரை மாட்ட ஒரு நீளக் கட்டை தேவைப்பட்டது. வீட்டில் உடைந்துபோன பழைய தறியின் படமரம் கிடந்தது. அம்மாவைக் கேட்டேன், எடுத்துக்கோ என்றார். கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். தறிக்குழியில் உட்காருபவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தருபவர் இன்னொருவர். அம்மா பண்ணையாரின் தறியில் அப்படி நாடா தள்ளி, பிறகு நெசவு கற்று, கூலிக்கு நெய்தவர். லீவு நாளில் நானும் தள்ளியிருக்கிறேன். அம்மா நெய்த சேலைகள் எந்தெந்த ஊர்க் கல்யாணத்துக்கோ போயிருக்கும். அம்மா போன தூரம் ஆரணி, ஆற்காடு, திருவண்ணாமலை, ஒரு தடவை சென்னை. அவ்வளவுதான். எங்கேயும் ஓர் இரவு தங்கியதில்லை.

மலைப்பாதைக்கான வேலை தனி. எங்கள் வண்டியில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். நான்கு சக்கர இழுவை கிடையாது. அதை மாற்றும் பணமும் எங்களிடம் இல்லை. பின்பக்கம் பட்டையில் இரண்டு அடுக்கு சேர்த்து உயர்த்தினார் பாய். மண் பாதைக்கு ஏற்ற பட்டன் டயர், ஆயில் சேம்பருக்கு அடியில் பாறை இடிக்காமல் 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி. இதோடு மண்வெட்டி, கயிறு, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க மரக்கட்டை, சேற்றில் சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு பலகை. வண்டியால் எங்கே போக முடியாது என்று தெரிந்துகொள்வதுதான் பாதி ஓட்டுநர் வேலை என்பார் பாய்.

கடைசியாகக் கழிப்பறை. மூடி போட்ட வாளி, மேலே போட மரத்தூள். இதில்தான் எங்களுக்குள் உண்மையான சண்டை வந்தது. யார் கொட்டுவது? ஆளுக்கொரு முறை என்று சொன்னபோது, குழுவில் இருக்கும் இடைநிலைச் சாதித் தோழர் ஒருவர், "நான் வேணா வண்டி கழுவறேன், டீசல் போடறேன், இது மட்டும் வேணாமே" என்றார். நல்ல தோழர், அம்பேத்கரைக் கரைத்துக் குடித்தவர். யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் இருந்தோம். அவருக்கே புரிந்துவிட்டது. இப்போது தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி, ஆழமாகக் குழிவெட்டிப் புதைப்பதில் அவர்தான் கெட்டிக்காரர். சாதியைப் பற்றி நான் படித்த எத்தனையோ புத்தகங்கள் செய்யாத வேலையை ஒரு வாளி செய்தது.

நமக்கு முன்னால் போனவர்கள்

பயணம் நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. 1893இல் திருவிதாங்கூரில், புலையர்கள் நடக்கக்கூடாத பொதுச்சாலையில் அய்யன்காளி வில்லுவண்டி பூட்டி ஓட்டினார். அடிதடிக்கு நடுவில்தான் அந்த வண்டி ஓடியது. 1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி சத்திரம் ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். பதினோராவது நாள் கம்போடு வந்து நின்றார்கள். நண்பர்களும் கைவிரித்தார்கள். பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்து, இரவு ரயிலேறிப் பம்பாய் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

அதே நூலில் இன்னொரு சம்பவம் எனக்கு மிக நெருக்கமானது. 1934இல் அவரும் இயக்கத் தோழர்கள் முப்பது பேரளவிலும் சேர்ந்து வெறுமனே ஊர் பார்க்கப் போகிறார்கள். எல்லோராவுக் குகைகள், தௌலதாபாத் கோட்டை. போராட்டம் எதுவும் அன்று இல்லை, சுற்றுலாதான். வழியில் தொல்லை வரக்கூடாது என்று தாங்கள் யார் என்பதைச் சொல்லாமலே போகிறார்கள். கோட்டை வாசலில் இருந்த தொட்டியில் தூசு படிந்த முகத்தைக் கழுவினார்கள். தொட்டி தீட்டாகிவிட்டது என்று கூச்சல் எழுந்தது. கடைசியில், எங்கேயும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒருவரைக் கூட அனுப்பித்தான் கோட்டைக்குள் விட்டார்கள். ஊர் சுற்றிப் பார்க்கும் மகிழ்ச்சிகூட நமக்கு உரிமைப் பிரச்சினைதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்றைக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு தலித் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதவேண்டி இருக்கிறது. எழுத வேண்டிய தேவை இருந்ததால்தான் எழுதினார்கள்.

அமெரிக்காவில் 1936 முதல் முப்பது ஆண்டுகள் ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளிவந்தது. விக்டர் கிரீன் என்ற தபால்காரர் தொடங்கியது. கறுப்பின மக்களுக்கு எந்த ஊரில் எந்த விடுதி இடம் தரும், எங்கே பெட்ரோல் போடலாம், எங்கே சாப்பிடலாம் என்ற பட்டியல். கார் வைத்திருந்த கறுப்பர்கள் அதை வண்டியிலேயே வைத்திருப்பார்கள். இந்தப் புத்தகமே தேவைப்படாத நாள் வரவேண்டும் என்று அதைப் போட்டவரே எழுதினார். தன் வியாபாரம் படுத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட பதிப்பாளர்!

அந்த ஆசையில்தான் என் இரண்டாவது கேள்வியும் இருக்கிறது. சொந்தக் கட்டில், சொந்தத் தண்ணீர், சொந்தத் தட்டு, சொந்தக் கழிப்பறை. யாரிடமும் எதையும் கேட்காமல், யாருடைய திண்ணையையும் தொடாமல் வந்து போகும் நாங்கள். ஆதிக்கச் சாதிக்காரர் ஒருவர் எங்களை எப்படி வைத்திருக்க ஆசைப்படுவாரோ, அப்படியே எங்களை நாங்களே வைத்துக்கொள்கிறோமா? சக்கரம் வைத்த சேரியா இது?

மலையில்

முதல் பயணம் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய், அங்கிருந்து ஒரு சிற்றூருக்கு. தார் முடிந்து மண் பாதை. ஓடை கடக்கும் இடத்தில் பின் சக்கரம் புதைந்தது. பலகை போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து, சாமைக் கொல்லையில் இருந்தவர்களும் வந்து தள்ளி மேலே ஏற்றினோம். அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். "பட்டுப் பாவு புணையறதுக்குள்ள முடிஞ்சிருக்கும், இந்த வண்டிய தள்றதுக்கு" என்றார்.

ராத்திரி கூட்டம் முடிந்து அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். வானம் முழுக்க நட்சத்திரம். அதே மலையில் காவலூரில் பெரிய தொலைநோக்கியை வைத்திருப்பது சும்மா இல்லை. அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். "யார் வூட்லயும் போய் நிக்கத் தேவையில்ல, இல்ல?" என்றார். அறுபத்திரண்டு வயதில் அம்மா வெளியூரில் தங்கிய முதல் இரவு. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நகைக்கடனை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். கதவைத் தட்டும் சத்தம். ஒரு பெரியவர், தோளில் பேரன். பையனுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, வலிப்பும் வந்திருந்தது. "ஆஸ்பத்திரி வண்டி வந்திருக்குதுன்னு சொன்னாங்க" என்றார். எழுத்தைச் சுரண்டி, விளக்கைக் கழற்றி, நிறம் மாற்றியும், அதன் உருவத்தை வைத்தே அந்த ஊர் எங்கள் வண்டியைச் சரியாக அடையாளம் கண்டிருந்தது. இது ஆம்புலன்ஸ் இல்லை தாத்தா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்டவாளத்தின் மேலிருந்த கட்டிலில் பையனைக் கிடத்தி, அம்மா மடியில் தலை வைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வர, ஜமுனாமரத்தூர் வந்து மருத்துவரிடம் சேர்த்தோம். பையன் பிழைத்துக்கொண்டான். இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறான்.

திரும்பும்போது பெரியவர் கேட்டார், "இனிமே இந்த வண்டி வருமாம்மா?"

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய சேவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாதை இல்லாத இடத்துக்கு எந்த வண்டி வரும்? 2023 மே மாதம் பக்கத்து வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் மருத்துவமனை சேரும் முன்பே இறந்தது. திரும்பி வரும்போது பாதை முடிந்த இடத்தில் வண்டி நின்றுவிட, தாய் அந்த உடலைக் கையில் ஏந்தி மலை ஏறினார். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் மயானத்துக்குப் போக வழி விடாததால், ஒரு தலித் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றில் இறக்கினார்கள். மலையில் பாதை போடவில்லை. சமவெளியில் இருந்த பாதையை மறித்தார்கள். இப்படிப்பட்ட நாட்டில், வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் ஆம்புலன்ஸ் முதன்முதலாக அந்தச் சிற்றூருக்குப் போனது கேரவனாகத்தான். இந்த வெட்கத்தை யார் சுமப்பது?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தின் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில், 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதுவரை நோயாளியைக் காவல் வண்டியோ, இறுதிச் சடங்கு நடத்துபவர்களின் வண்டியோ ஏற்றிப் போகும். வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு உயர்ந்த மருத்துவப் பயிற்சி கொடுத்து, வழியிலேயே சிகிச்சை செய்யும் வண்டிகளை ஓட்டினார்கள். அந்த முறைதான் பிறகு பல இடங்களுக்கும் முன்மாதிரி. 1975இல் நகர நிர்வாகமே ஆம்புலன்ஸ் சேவையை எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்தபோது தொடங்கிய கறுப்பினத் தோழர்களைப் பலவாறு ஒதுக்கினார்கள் என்பதும் வரலாறு. இதில் இரண்டு பாடம் இருக்கிறது. நாம் செய்து காட்டினால் அரசு செய்தாக வேண்டிய கட்டாயம் வரும். அரசு செய்யும்போது நாம் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது.

அதனால் பெரியவரிடம் பொய் சொல்லவில்லை. "இது வராது தாத்தா. ஆனா வரவேண்டிய வண்டி வர்றதுக்குப் பாதை கேப்போம்" என்றேன். அன்றைக்கே வண்டிக்குள் உட்கார்ந்து, மடக்கு மேசையை விரித்து, ஊர்க்காரர்கள் கைநாட்டும் கையெழுத்துமாக மனு எழுதினோம். பாதையின் நீளத்தை வண்டியின் கிலோமீட்டர் மானியைப் பார்த்தே குறித்தோம். மனு இன்னும் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. நாங்களும் கூடவே நகர்ந்துகொண்டிருக்கிறோம். ஸ்ட்ரெச்சர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி அந்தத் தண்டவாளத்தின் மேல் மாட்டிவைத்திருக்கிறோம். பகலில் அது எங்களுக்குப் பெஞ்சு.

கேட்கப் போவது

இப்போது குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். வண்டியில் தண்ணீர் நிறைய இருந்தாலும், போகிற ஊரில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். டீயை வண்டிக்குள் போட முடிந்தாலும், ஊர்க் கடையில், எல்லோருக்கும் கொடுக்கும் கிளாஸில் குடிக்க வேண்டும். மறுத்தால் தேதி, நேரம், இடம் குறித்து வைக்க வேண்டும். வண்டி இருப்பது கேட்காமல் இருப்பதற்காக இல்லை. இல்லை என்று சொன்னால் நடுரோட்டில் நிற்க வேண்டியதில்லை என்ற தைரியத்தோடு போய்க் கேட்பதற்காக.

போன மாதம் அந்த அடிவாரத்து விடுதிக்குத் திரும்பப் போனேன். வண்டியை வாசலுக்கு நேராக நிறுத்தினோம். வழக்கறிஞர் தோழரும் கூட இருந்தார். அதே ஆதார் அட்டை, அதே 'காலனி'. மேசையில் இருந்தவர் வேறு ஆள். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். பலகையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். ஆளே வேறு என்பதாலா, வண்டியாலா, வழக்கறிஞராலா என்று எனக்குத் தெரியாது. சாதி அந்த ஊரை விட்டுப் போய்விட்டது என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளி இல்லை.

அறையில் கொசு. மெத்தை பள்ளம் விழுந்து கிடந்தது. எங்கள் வண்டிக் கட்டிலே மேல். ஆனாலும் விடியும்வரை அங்கேதான் படுத்திருந்தேன். காலையில் கணக்கு முடித்து ரசீது கேட்டு வாங்கினேன். அது இப்போது வண்டிக்குள், படமரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

குஷன்காரர் பூசணிக்காய்க்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். குஷனை அம்மாவே தைத்துவிட்டார். அடுத்த பயணத்தில் இரண்டு இடம் காலி இருக்கிறது. வர விரும்பும் மாணவத் தோழர்கள் வாருங்கள். வாளி முறையில் உங்கள் பெயரும் சேரும்.

ஜெய் பீம்.